துப்பறியும் நாவலும் துறைமுக நகரமும்

1886இல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் புத்தகப் பதிவுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா என எங்கே ஒரு நூல் அச்சானாலும் அச்சகத்தார் மூன்று பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் ஒன்று கப்பலேறி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1867 முதலே இதுபோன்ற பதிவுச் சட்டம் நடப்பில் இருந்தது. யார் எதை அச்சிடுகிறார்கள் என்று கண்காணிப்பதே ஆட்சியாளர்களுக்கு முதன்மையான நோக்கம். ஆனால் அந்தக் கண்காணிப்பின் பக்கவிளைவாக, இல்லாவிட்டால் அழிந்தே போயிருக்கக்கூடிய எத்தனையோ நூல்கள் பிழைத்துக்கொண்டன. இங்கிலாந்தில் அச்சாகும் நூல்களுக்கும் அதே மியூசியத்துக்கு ஒரு பிரதி தரும் கட்டாயம் இருந்தது. அந்த மியூசியத்தின் நூலகம் 1973இல் பிரிட்டிஷ் நூலகமாயிற்று.

அதே பிரிட்டிஷ் நூலகம், 2010களின் தொடக்கத்தில், தன் அலமாரிகளில் எவரும் கேட்காமல் கிடந்த துப்பறியும் நாவல்களை எடுத்து மறுபதிப்புச் செய்யத் தொடங்கியது. 1860களில் தொடராக வந்த ‘நாட்டிங் ஹில் மிஸ்டரி’ 2012இல் மீண்டும் அச்சேறியது. ஆங்கிலத்தின் முதல் துப்பறியும் நாவல் அதுவே என்று வாதிடுவோர் உண்டு. 2014 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெ. ஜெஃபர்சன் ஃபார்ஜன் எழுதிய ‘மிஸ்டரி இன் ஒயிட்’ யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றுத் தீர்ந்தது. 1937இல் வந்த நாவல் அது. பனியில் சிக்கிய ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் பயணிகள், ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். கணப்பு எரிகிறது, தேநீர் தயாராக இருக்கிறது, வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை. எழுதியவர் 1955இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரே நினைவில் இல்லாத ஒரு தலைமுறை அவர் புத்தகத்தைத் தேடித் தேடி வாங்கியது.

இந்த வரிசையின் வெற்றிக்குப் பழமையின் கவர்ச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தக் காலத்து ரயில்வே விளம்பர ஓவியங்களை அட்டைக்கு எடுத்துக்கொண்டது நல்ல யோசனை. அதைவிட முக்கியம், மார்ட்டின் எட்வர்ட்ஸ் என்ற ஆலோசகர். தாமும் குற்றக்கதை எழுதுகிறவர். 1930இல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் கூடி உருவாக்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் வரலாற்றை ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் மர்டர்’ என்று 2015இல் பெரிய நூலாக எழுதியவர். மறுபதிப்பாகும் நாவல்களுக்கு அவர் முன்னுரை எழுதினார். ஆசிரியர் யார், என்ன வேலை பார்த்தார், எந்த வழக்கின் சாயல் கதையில் இருக்கிறது, ஏன் மறக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாசகர் கையில் கிடைப்பது கதையோடு அதன் ஊரும் காலமும்.

ஏன் மறக்கப்பட்டார்கள் என்பதற்குப் பல காரணங்கள். இந்த நாவல்களில் பெரும்பாலானவை வாடகை நூலகங்களுக்காக அச்சானவை. ஒரே பிரதி பல கைகள் மாறி, கிழிந்து, கழித்துக்கட்டப்படும். போர்க்காலத்தில் தாள் பஞ்சம். 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் லண்டனின் பதிப்பகத் தெருவான பாட்டர்நாஸ்டர் ரோ எரிந்தது. ஐம்பது லட்சம் புத்தகங்கள் சாம்பலானதாகச் சொல்வார்கள். கிடங்கில் இருப்பே இல்லாத எழுத்தாளர் கடையிலிருந்தும் பிறகு நினைவிலிருந்தும் போய்விடுகிறார். அகதா கிறிஸ்டி நின்றார், டோரதி சேயர்ஸ் நின்றார். அவர்களோடு எழுதிய நூற்றுக்கணக்கானோர் போனார்கள்.

லண்டன் கிடங்குகள் எரிந்த காலத்தில் அந்தப் புத்தகங்களின் பிரதிகள் சிங்கப்பூரில் இருந்தன. ஸ்டாம்ஃபர்ட் சாலை ராஃபிள்ஸ் நூலகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், வெளியே போன நூல்களில் நாவல்களே மிகுதி என்ற புலம்பல் கேட்கும். ராஃபிள்ஸ் பிளேசில் கெல்லி அண்ட் வால்ஷ் கடை, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் எம்.பி.எச். கடை. தோட்டத்துரைகளும் துறைமுக அதிகாரிகளும் வாங்கினார்கள்; ஆங்கிலப் பள்ளிக்கூடம் போன ஆசியக் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வாங்கினார்கள். 1942 பிப்ரவரியில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனபோது, தாவரவியலாளர் இ.ஜெ.எச். கார்னரும் அவருடைய சகாக்களும் ஜப்பானியப் பேராசிரியர் தனகடாத்தே ஹிதேஸோவின் ஆதரவோடு நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் கொள்ளை போகாமல் காத்தார்கள். வெள்ளையர் விட்டுப்போன வீடுகளிலிருந்து புத்தகங்களைத் திரட்டிக்கொண்டுவந்து சேர்த்ததைக் கார்னர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பிரதிகளில் மிச்சம் சில பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் இன்றைக்கும் தட்டுப்படும். 1980இல் கட்டி முடித்த கட்டடம். விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள இன்றைய தேசிய நூலகத்துக்குக் கூப்பிடு தூரம். பெங்குயின் நிறுவனம் 1935இல் தொடங்கியதிலிருந்து குற்றக்கதைகளுக்குப் பச்சை அட்டை போட்டது. அப்படி ஒரு பச்சைப் புத்தகத்தை அங்கே கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட முதுகு மட்டும் சாம்பல் பூத்திருக்கும். இந்த ஊர் ஈரக்காற்றில் தாளெல்லாம் தேயிலைச் சாறு ஊறிய நிறம். ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள். முதல் பக்கத்தில் ஊதா மையில் கடை முத்திரை, அதற்கு மேல் ஒருவர் பெயர், அதை அடித்துவிட்டு வேறு கையெழுத்தில் இன்னொருவர் பெயர். நான் பார்த்த ஒன்றில் கடைசி வெற்றுத்தாளில் யாரோ பென்சிலால் சந்தேக நபர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்திருந்தார்கள். லண்டன் கிடங்கிலிருந்து வரும் புத்தம்புதிய மறுபதிப்பில் இந்த வாசகர் இல்லை. மறுகண்டெடுப்பு என்று நாம் பேசும்போது அவரையும் தேட வேண்டும் என்பது என் வாதம்.

ஏனென்றால், இந்த நகரத்தில் உட்கார்ந்து படித்தவருக்கு அந்த நாவல்கள் வேறு மாதிரித்தான் பட்டிருக்க வேண்டும். 1913இல் கானன் டாயில் எழுதிய ‘டையிங் டிடெக்டிவ்’ கதையில் ஷெர்லக் ஹோம்ஸ் கொடிய நோயில் கிடப்பதாக நடிக்கிறார். நோய் சுமத்திராவிலிருந்து வந்தது; அதை அறிந்த ஒரே ஆள் சுமத்திராவில் தோட்டம் வைத்திருக்கும் கல்வர்ட்டன் ஸ்மித். லண்டன் வாசகருக்குச் சுமத்திரா என்றால் பெயர் தெரியாத விஷங்களின் தூரதேசம். சிங்கப்பூர் வாசகருக்கு அது நீரிணைக்கு அப்பால் உள்ள அண்டை வீடு. காய்கறியும் மரமும் படகேறி வரும் இடம். ‘சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் கொலைகார அம்பு எய்யும் அந்தமான் மனிதன் டோங்கா, மனிதனாகவே வரையப்படவில்லை. சாக்ஸ் ரோமரின் ஃபூ மான்ச்சு, சீனர் என்றாலே சதிகாரர் என்ற அச்சத்தை 1910களிலிருந்து நாவல் நாவலாக விற்றது. மக்களில் பெரும்பான்மையினர் சீனராக இருந்த நகரத்தில் அந்தப் புத்தகங்கள் கடையில் கிடந்தன.

இதற்கு இங்கிலாந்துக்குள்ளேயே ஓர் எதிர்வினை வந்தது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். ஐந்தாவது விதி, கதையில் சீனர் வரக்கூடாது என்பது. இன்று தனியாக எடுத்துப் படித்தால் இனவெறி போல ஒலிக்கும். அவர் சொல்லவந்தது, சீனப் பாத்திரம் வந்தாலே மலிவான வில்லன் கதை என்று கண்டுகொள்ளலாம், அந்தச் சோம்பேறித்தனம் வேண்டாம் என்பதே. ஆனால் தீர்வாக அவர் எடுத்த வழியைக் கவனியுங்கள். மோசமாகச் சித்தரிக்காதே என்று சொல்லவில்லை, சித்தரிக்கவே வேண்டாம் என்றார். பொற்காலம் எனப்படும் 1920, 30களின் துப்பறியும் நாவலின் கிராமத்து மாளிகைக்குள் ஆசியர் அரிதாகவே நுழைந்தார்கள். அந்த மாளிகையைக் கட்டிய ரப்பர் பணமும் தேயிலைப் பணமும் தாராளமாக நுழைந்தன.

பணம் மட்டுமா போயிற்று? துப்பறியும் நாவலின் தலையாய ஆயுதமான கைரேகையே இந்தியாவிலிருந்து போனதுதான். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி, சாலைக்கான பொருள்கள் வழங்க ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தாளில் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கையெழுத்தை மறுக்காமல் இருக்க அது உதவும் என்ற யோசனை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. ரேகைகளை வகைபிரிக்கும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளின் பங்கு பெரியது. முறைக்குப் பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. 1901இல்தான் ஸ்காட்லாந்து யார்டுக்குக் கைரேகைப் பிரிவு வந்தது. ஆறு ஆண்டு கழித்து ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் ‘ரெட் தம்ப் மார்க்’ எழுதினார். மருத்துவர் தார்ண்டைக் அதில் கேட்கும் கேள்வி அன்றைய போலீசாருக்கே பிடிக்காதது: கைரேகையைப் போலியாகச் செய்ய முடியாதா? தார்ண்டைக் ஒரு காலத்தில் ஹோம்ஸுக்குச் சமமாகப் பேசப்பட்டவர். இன்று ஆர்வலர்களுக்கு மட்டும் தெரியும். ரப்பர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் கட்டைவிரல் பதித்து வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லிட்டில் இந்தியாவில் இருக்கிறார்கள். அந்த நாவல் அவர்களுக்கு வெறும் புதிராக இருக்க முடியாது.

இப்படி மறக்கப்பட்ட ஒரு நாவலைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். எரிக் ஆம்ப்ளரின் ‘பாசேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’. 1959இல் வந்தது, பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் அந்த ஆண்டுப் பரிசைப் பெற்றது. கறாராகப் பார்த்தால் துப்பறியும் கதை என்று சொல்ல முடியாது, ஆயுதக் கடத்தல் கதை. தொடங்குவது மலாயாவின் ரப்பர் தோட்டம் ஒன்றில், அவசரநிலைக் காலத்தில். தோட்டத்துக் குமாஸ்தா கிரிஜா கிருஷ்ணன் என்ற இந்தியர். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சிலர் அருகில் சுட்டுக்கொல்லப்படுகிறார்கள். அவர்கள் காட்டில் ஆயுதம் பதுக்கியிருக்க வேண்டும் என்று அவர் மட்டும் ஊகிக்கிறார். தேடிக் கண்டுபிடிக்கிறார். உடனே விற்க ஓடவில்லை. மறைத்து வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது அரசியலும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. சொந்தமாக ஒரு பஸ் சர்வீஸ் நடத்த வேண்டும். பஸ் கம்பெனியின் விவரப்புத்தகத்தைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார். கதை பிறகு சீன வணிகச் சகோதரர்கள், ஒன்றும் அறியாத அமெரிக்கத் தம்பதி, சிங்கப்பூர் என்று விரிகிறது. எனக்கு அந்த முதல் அத்தியாயங்கள் போதும். ஐம்பது ஆண்டுகளாக விஷமும் சாபமும் வேலைக்காரனுமாகவே பிரிட்டிஷ் குற்றக்கதையில் வந்துபோன இந்தியர், இங்கே தடயத்தைப் பார்த்து, சிந்தித்து, முடிவெடுக்கிறார். தோட்டத்துரைக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. மறந்துபோன நாவல்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1920, 30களோடு நின்றுவிடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து தேடினால் இந்த நாவல்தான் முதலில் கைக்கு வர வேண்டும்.

இனி தமிழ்ப் பக்கம். ஹோம்ஸ் சிறுகதைகள் ஸ்டிராண்ட் இதழில் வரத் தொடங்கியது 1891. மூன்றே ஆண்டில், 1894இல், ச.ம. நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாட்டார் கதைகளைத் திரட்டிய அறிஞர் அவர். தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர். அவருக்குப் பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு பெரும் வரிசை. இவர்களுக்குப் பின்னால் நின்ற நிழல் ஹோம்ஸைவிட ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸுடையது. 1840களில் வாரம் ஒரு பென்னிக்கு விற்ற ‘லண்டன் மர்மங்கள்’ எழுதியவர். சொந்த நாட்டில் இலக்கிய வரலாறு அவரைத் துடைத்தெறிந்துவிட்டது. இந்தியாவிலோ நூலகங்களில் மிக அதிகம் கேட்கப்பட்ட ஆங்கில நாவலாசிரியர்களில் ஒருவராக அவர் இருந்தார். மறைமலையடிகளே அவருடைய ‘லெய்லா’வைத் தழுவித்தான் 1911இல் ‘குமுதவல்லி’ எழுதினார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தைக்கும் பென்னி நாவலுக்கும் இப்படியொரு உறவு இருந்தது என்பதைத் தமிழ் வகுப்புகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

தழுவல் என்று சொல்லி இந்த நாவல்களை ஒதுக்கிவிடும் பழக்கம் மணிக்கொடி இதழின் காலத்திலிருந்து நமக்கு உண்டு. அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. பல நாவல்களின் நடை சலிப்பூட்டும், பிரசங்கம் அதிகம். ஆனால் தழுவும்போது எது மாறியது என்று பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. ஆங்கிலத் துப்பறிவாளர் வரவேற்பறையில் எல்லாரையும் உட்காரவைத்துத் தர்க்கத்தால் குற்றவாளியைக் காட்டுகிறார். வடுவூராரின் துப்பறிவாளர் திகம்பர சாமியார், மாறுவேடக்காரர், துறவி. ரங்கராஜுவின் ‘ராஜாம்பா’ளில் துப்பறியும் கோவிந்தன் வருகிறார், கொலை மர்மத்துக்கு அடியில், சிறு பெண்ணைக் கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கும் சமூகத்தின் மேல் உள்ள கோபம் இருக்கிறது.

சாமியார் ஏன் துப்பறிய வேண்டும்? 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அரசுச் சிப்பந்திகளும் போலீசாரும் மக்களை அடித்தும் கட்டிவைத்தும் மிளகாய்ப்பொடி தூவியும் வதைத்ததை அந்த அறிக்கை அரசின் வாயாலேயே ஒப்புக்கொண்டது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது என்றால் ஒருவரை அடித்து உண்மையை வரவழைப்பது என்றிருந்த ஊரில், ஒரு மயிரிழையையும் காலடித் தடத்தையும் வைத்து, யாரையும் தொடாமல், உண்மையைச் சொல்லலாம் என்ற கதை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த ஆறுதலைப் போலீஸ் உடையில் நம்ப முடியாததால் காவி உடையில் நம்பினார்கள் என்று நான் நினைக்கிறேன். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘திகம்பர சாமியா’ரில் எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு வந்தார். கதை வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’.

இந்தப் புத்தகங்களும் கடல் கடந்தன. ஆரணியார் ஆசிரியராக இருந்த ‘ஆனந்தபோதினி’க்கு மலாயா, பர்மா, இலங்கையிலும் சந்தாதாரர்கள் இருந்தார்கள். ஆக 1930களின் சிங்கப்பூரில் ஒரே ஆங்கில மரபின் இரண்டு கிளைகள் அருகருகே வந்து இறங்கின. ஒன்று நேராக லண்டனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு. மற்றொன்று லண்டனிலிருந்து சென்னைக்குப் போய், சாமியார் வேடம் போட்டுக்கொண்டு, சிராங்கூன் சாலைக்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்கக்கூடிய ஊர்கள் உலகில் அதிகம் இல்லை.

ஆங்கிலக் கிளைக்கு இன்று புதுத் தளிர் விட்டிருக்கிறது. ஓவிடியா யூ 2017 முதல் 1930களின் சிங்கப்பூரில் தொடங்கும் துப்பறியும் நாவல் வரிசையை எழுதிவந்திருக்கிறார். துப்பறிபவள் பெரனாக்கன் குடும்பத்துப் பெண் சூ லின். ஷாமினி ஃபிளிண்டின் இன்ஸ்பெக்டர் சிங், சிங்கப்பூர்க் காவல்துறையின் சீக்கிய அதிகாரி. இரண்டு வரிசையும் லண்டன் பதிப்பகங்களிலிருந்து வந்தவை. நாக்ஸின் ஐந்தாவது விதிக்கு இந்த நகரம் கொடுத்த பதில் இது.

தமிழ்க் கிளையின் நிலை வேறு. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ இந்த நாவல்களை யார், எப்படி வாசித்தார்கள் என்பதை ஆய்வுப்பொருளாக்கியது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய வெகுஜன நாவல்களைப் பாதுகாக்கிறது. வடுவூரார் நூல்களை அல்லயன்ஸ் மறுபதிப்புச் செய்தது. இணையத்தில் மின்படிகளும் கிடைக்கின்றன. பழைய பிரதி ஒன்றின் மின்படியைத் திறந்தால், ஆசிரியர் கையொப்பம் இல்லாத பிரதி திருட்டுப் பிரதி என்ற எச்சரிக்கை, தபால் கூலி வேறு என்ற குறிப்பு, பின்னட்டையில் மருந்து விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மறுபதிப்புகளில் பெரும்பாலும் இவை காணாமல் போகின்றன. முன்னுரை ஒன்றரைப் பக்கம். ‘அந்தக் காலத்தில் பரபரப்பாக விற்றது’ என்பதோடு முடியும். எந்த ஆங்கில நாவலிலிருந்து எடுத்தது, எந்த அத்தியாயத்தில் விலகியது, முதற்பதிப்பு எந்த அச்சகம் என்ற தகவல் எதுவும் இருக்காது. பதிப்புரிமைத் தடையும் இல்லை. 1942இல் மறைந்த வடுவூராரின் நூல்கள் இந்தியச் சட்டப்படி 2003 தொடக்கத்திலேயே பொதுவுடைமையாகிவிட்டன. ஆரணியார் மறைந்தது 1925.

சிங்கப்பூரிடம் இந்த வேலைக்கான கருவிகள் தயாராக இருக்கின்றன. 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளிவந்த தமிழ்ப் படைப்புகளை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்தது. தொண்டூழியர்களும் சமூகமும் கைகோத்துச் செய்த நல்ல காரியம். ஆனால் அதன் எல்லை 1965இல் தொடங்குகிறது. அதற்கு முன்பு இங்கே படிக்கப்பட்டவை, இங்கே எழுதப்படாதவை, அதனால் கணக்கில் வராதவை. எழுத்தாளரின் ஊரை வைத்து மரபைப் பிரித்தால் வாசகரின் ஊர் விட்டுப்போகிறது.

எங்கிருந்து தொடங்கலாம் என்றால், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசிலிருந்து. அதன் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தளத்தில் மின்வடிவில் இருக்கின்றன. ஆங்கில நாளிதழ்களும் அதே தளத்தில். புத்தகக் கடை விளம்பரங்களை ஆண்டு வாரியாக எடுத்து, எந்த நாவல் எந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைத்தது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், ‘கும்பகோணம் வக்கீ’லுக்கு ஒரு சிங்கப்பூர்ப் பதிப்புக் கொண்டுவரலாம்: ஆங்கில மூலம் இருந்தால் அதோடு ஒப்பிட்ட குறிப்புகள், 1855 அறிக்கையின் பின்னணி, முதற்பதிப்பின் எச்சரிக்கையும் விளம்பரமும், இங்கே அதை விற்ற கடையின் முகவரி. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். இம்முறை சட்டம் எதுவும் கேட்காமலே.